மூன்றாம் வண்டியின் மைலேஜ்

ரிபாயி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடித் தாளின் மேலேயே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தாளில் இருந்தவை நான்கு வரிகள். மேனேஜர் சுடலைராஜ் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்தது. 'மூன்றாம் எண் வண்டியின் டிரைவராகிய நான், கடந்த நாற்பத்தொரு நாட்களாக மதிய நடையில் கரட்டுப்பட்டி வரை செல்லாமல் குருவிகுளத்திலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். மிச்சமான டீசலை வெளியில் விற்றேன். இனி இவ்வாறு செய்யமாட்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போடும் பாய். போட்டா இதோட முடிஞ்சுது. முதலாளி காதுக்குப் போகாது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சுடலைராஜ்.

"செய்யாததை எப்படி எழுதிக் குடுக்க?"

"மீட்டர் சொல்லுதுல்லா?"

"மீட்டரு சொல்லட்டும். நான் சொல்லலையே."

"திங்கட்கிழமை காலையில வரும்போது கையெழுத்தோட வாரும். இல்லைன்னா சாவியைக் கேக்காதிரும்."

அன்று வெள்ளிக்கிழமை. ரிபாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பத்தோரு வருடமாக வண்டி ஓட்டுகிறார். நெல் லாரியில் கிளீனராக ஏறி, சக்கரத்துக்குக் கட்டை போடுவதிலிருந்து தொழிலைக் கற்றவர். இடையில் நான்கு வருடம் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். டீசல் எவ்வளவு போகிறது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத இடத்திலும் அவர் கவனித்தே ஓட்டினார். சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, நான்கு பஸ் வைத்திருக்கும் இந்தக் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது.

அவர் வண்டி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. காலையில் சக்கரங்களை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். காற்று குறைந்த டயர் மந்தமாக ஒலிக்கும். ஏர் பில்டரை வாரம் ஒரு தடவை கழற்றித் தட்டுவார், கரிசல் மண் அதில் மாவு போல அடைந்துகொள்ளும். நிறுத்தம் வருவதற்கு இருநூறு அடிக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிரேக் என்பது எரித்த டீசலைச் சூடாக்கி வீணடிப்பது, அவ்வளவுதான் என்பார். ஆனால் இறக்கத்தில் நியூட்ரல் போடமாட்டார். எஞ்சினின் பிடி இல்லாத பஸ்ஸில் நாற்பது பேரை உட்கார வைத்து உருட்டுவது அவருக்கு மைலேஜ் அல்ல, ஹராம்.

கம்பெனியின் ஷெட்டில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. நான்கு வண்டிகளும் முந்தைய நாள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தன என்று சுடலைராஜ் தினமும் காலையில் எழுதுவார். ஆறுக்கு மேல் போனால் நீல மை. கீழே போனால் சிவப்பு. அந்தப் பலகையைப் படமெடுத்து வாட்ஸப் குழுவிலும் போடுவார். ஆயுத பூஜையன்று முதலிடத்தில் இருப்பவருக்கு ஒரு ஹாட்பாக்ஸ். இதெல்லாம் தவறென்று சொல்லவில்லை. டீசல் விற்கிற விலையில் மைலேஜ் பார்க்காத பஸ் கம்பெனி நிலைக்காது. ஆனால் ஒரு எண்ணை எழுதுகிறவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுடலைராஜுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் வண்டி பத்து வருடமாக நீல மையில் இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் பத்தொன்பது கிலோமீட்டர், அங்கிருந்து கரட்டுப்பட்டி ஆறு. போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. நாளுக்கு நான்கு நடை, இருநூறு கிலோமீட்டர். முப்பத்திரண்டு லிட்டர் டீசல். ஆறேகால் என்று பலகையில் ஏறும்.

நாற்பத்தொரு நாட்களுக்கு முன்பு அது திடீரென ஐந்து புள்ளி ஒன்பது ஆயிற்று. டீசல் அதே முப்பத்திரண்டு லிட்டர்தான். கிலோமீட்டர்தான் குறைந்தது. மீட்டர் நூற்று எண்பத்தெட்டு என்றது. மறுநாளும் நூற்று எண்பத்தெட்டு.

பன்னிரண்டு கிலோமீட்டரைக் காணோம். குருவிகுளத்திலிருந்து கரட்டுப்பட்டிக்குப் போய் வர எவ்வளவு? பன்னிரண்டு. சுடலைராஜுக்கு அது போதுமாக இருந்தது. மதிய நடையில் கூட்டம் இருக்காது. டிரைவர் குருவிகுளத்திலேயே திருப்பிவிடுகிறார். ஓடாத பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் மிஞ்ச வேண்டும், மிஞ்சவில்லை. அப்படியானால் விற்றிருக்கிறார். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பொருந்துகிற கணக்கைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ரிபாயி சும்மா இருக்கவில்லை. மீட்டர் கோளாறு என்றார். கேபிளை மாற்றினார்கள். நூற்று எண்பத்தெட்டு. மீட்டரையே கழற்றி, கடையில் சோதித்து நல்லதென்று சொன்ன வேறொன்றை மாட்டினார்கள். நூற்று எண்பத்தெட்டு. ஜிபிஎஸ் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். விதிக்காக ஒட்டிய பெட்டி அது, உள்ளே இருக்கும் சிம்முக்கு இரண்டு வருடமாக ரீசார்ஜ் இல்லை. கரட்டுப்பட்டியில் ஆடு வளர்க்கும் செல்லச்சாமி ஷெட்டுக்கே வந்து, "மத்தியான வண்டியிலதானய்யா நான் தெனமும் ஊருக்குத் திரும்புதேன்" என்று சொன்னார். "பாய் உமக்குச் சொந்தக்காரரு மாதிரி, நீரு சொல்லத்தான் செய்வீரு" என்று அவரை அனுப்பிவிட்டார்கள். கண்டக்டர் இசக்கித்துரையின் டிக்கெட் மெஷினில் கரட்டுப்பட்டி டிக்கெட்டுகள் இருந்தன. "அவனும் உம்ம கூட்டுதான்" என்றார் சுடலைராஜ்.

அந்த இசக்கித்துரையே வெள்ளிக்கிழமை ஷெட் வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணாச்சி, போட்டுத் தொலைச்சிருவோமா? ஒரு தாளுதானே. எனக்கு ரெண்டு பிள்ளையோ இருக்கு."

"உன் பிள்ளையோ நாளைக்கு, எங்கப்பன் களவாணியான்னு கேட்டா அந்தத் தாளைக் காட்டுவியால?"

இசக்கித்துரை டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்தான்.

ஒன்றாம் வண்டியின் டிரைவர் பிரவின்ராஜ் வாசுதேவநல்லூர் தடத்தில் ஓட்டுகிறவன், முப்பது வயது. அவன் வண்டிதான் இப்போது பலகையில் முதல். ஆறு புள்ளி நான்கு. ரிபாயியைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். "அண்ணாச்சி, வீட்டு ஜெனரேட்டருக்கு ரெண்டு லிட்டர் கெடைக்குமா? கம்பெனி வெலையில குடுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஜும்மா முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் படியிலும் ஒருவர் அதே கேலியைச் சொன்னார். வாட்ஸப் படம் ஷெட்டுக்குள் நிற்கவில்லை.

ரிபாயி வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. மனைவி ரூபியா விசைத்தறிக் கூடத்தில் பாவு ஓட்டுகிறாள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒரு பெரிய டிரம்மில் சுற்றித் தறிக்கு வேண்டிய நீளத்தைத் தயாரிக்கும் வேலை அது. வெள்ளிக்கிழமை மதியத்தில் அவளும் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"தறிக்கூடத்துல கேட்டாளுவ" என்றாள். "உன் வீட்டுக்காரரு டீசல் விக்காராமேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நாலு வார்த்தை சொன்னேன். அதை இங்கன சொல்ல முடியாது." குழம்பை ஊற்றினாள். "ஏங்க, அந்த மீட்டரு எதை எண்ணுது?"

"கிலோமீட்டரத்தான்."

"அதெப்படி எண்ணும்? அதுக்குக் கண்ணா இருக்கு? ரோட்டைப் பாத்துக்கிட்டா வருது?"

ரிபாயி எரிச்சலோடுதான் விளக்கினார். கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. பின்சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றும். அந்தச் சுற்றை மீட்டர் கிலோமீட்டராக மாற்றிக் காட்டும்.

"அப்ப சுத்தைத்தான் எண்ணுது. தூரத்தை எண்ணலை."

"ரெண்டும் ஒன்னுதானே?"

"எங்கன ஒன்னு?" அவள் குரல் உயர்ந்தது. "போன வருசம் எங்க டிரம்முல நூல் வழுக்குதுன்னு சாக்குத்துணியைச் சுத்தி வச்சானுவ. சுத்து எண்ணுற பெட்டி எப்பவும் போல ஆயிரம் மீட்டருன்னு காட்டுச்சு. நூலு மட்டும் முன்னாடியே தீந்துபோச்சு. டிரம்மு பெருத்துட்டா ஒரு சுத்துக்குக் கூடுதல் நூல் போகும்லா? அது ஒருத்தன் மண்டையிலயும் ஏறலை. ஆமினாள் கண்டு கண்டா நூலை வீட்டுக்குக் கொண்டுபோறான்னு, மூணு நாள் அவ சோத்துப் பையை எல்லாரு முன்னாலயும் தொறந்து காட்டச் சொன்னானுவ. அவளும் காட்டுனா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை பேசலை நான்."

ரிபாயி அவளையே பார்த்தார்.

"உங்க வண்டியில எதையாவது பெருசா மாட்டுனானுவளா?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். நாற்பத்தொரு நாட்களுக்கு முன்பு பின்சக்கரங்கள் நான்கையும் மாற்றினார்கள். சுடலைராஜ் ராஜபாளையத்திலிருந்து தரகர் மூலம் வாங்கி வந்த டயர்கள். முன்பு இருந்தவை ஏழரை சைஸ், இவை எட்டேகால். ரிபாயிக்கு அது அன்றே தெரியும். கரட்டுப்பட்டி ரோட்டின் குழிகளுக்குப் பெரிய டயர் நல்லது என்று சந்தோஷப்படக்கூடச் செய்தார். கனமான டயர் கொஞ்சம் டீசல் குடிக்கும் என்று எண்ணிக் காற்றை ஒரு பிடி கூட்டி வைத்தார். பெரிய சக்கரம் அதே தூரத்தைக் குறைந்த சுற்றில் கடந்துவிடும் என்பது முப்பத்தோரு வருடத்தில் அவருக்கும் தோன்றவில்லை. அதற்காகத் தன் மேலேயே வந்த கோபம் சுடலைராஜ் மேல் இருந்ததைவிடக் குறைந்ததல்ல.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஷெட்டுக்குப் போனார். பையில் அந்தத் தாள், ஒரு சாக்கட்டி, ஒரு டேப், ரூபியா கொடுத்த ஒரு கண்டு வெள்ளை நூல். "நம்பரைச் சொன்னா மறுத்துப் பேசுவான். நூலைக் காட்டுங்க. நூலுகிட்ட பேச முடியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா பாய்?" என்று சுடலைராஜ் கேட்டார்.

"ஒரு பத்து நிமிஷம் இங்கன வந்து நில்லும்."

பதினோரு வருடத்தில் ரிபாயி மேனேஜரை 'நீங்க' என்றே பேசியவர். 'நில்லும்' என்ற சொல்லைக் கேட்டு மற்ற டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் வண்டியின் பின்டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. வண்டியை மெதுவாக நகர்த்தச் சொல்லி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து அறுத்தார். பிறகு ஸ்டெப்னியைக் கீழே இறக்கினார். வண்டியோடு வந்த பழைய சைஸ், இன்னும் தரையில் ஓடாதது. அதற்குக் காற்று பிடித்து, நிமிர்த்தி ஒரு சுற்று உருட்டி, அந்த நீளத்துக்கு ஒரு நூல் அறுத்தார். இரண்டு நூல்களையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டார்.

ஒன்று மற்றதைவிட முக்கால் சாண் நீளம்.

"டேப்பை வச்சுப் பாருல" என்றார் இசக்கித்துரையிடம்.

"இது ரெண்டு அம்பது அண்ணாச்சி. இது ரெண்டு அறுவத்தாறு."

"மீட்டரு சின்ன டயருக்குச் செஞ்சது. ஒவ்வொரு சுத்துக்கும் அது ரெண்டரை மீட்டருன்னு எழுதிக்கிடும். வண்டி போனது ரெண்டு அறுவத்தாறு. போனைத் தொற. நூத்தி எம்பத்தெட்டை ரெண்டு அறுவத்தாறால பெருக்கு, ரெண்டரையால வகு."

இசக்கித்துரை அடித்தான். திரையை இரண்டு முறை பார்த்தான். பிறகு கத்தினான். "இருநூறு! இருநூறு வருது அண்ணாச்சி!"

அவன் கண் கலங்கிவிட்டது. சுடலைராஜ் போனை வாங்கித் தானே ஒருமுறை அடித்துப் பார்த்தார். வந்தது அதே இருநூறு.

"அப்ப என் வண்டி?" என்றான் பிரவின்ராஜ், சிரித்துக்கொண்டே. "என் வண்டி நல்ல டயருதானே, மீட்டரு இருநூத்தி அஞ்சு காட்டுது."

ரிபாயி ஒன்றாம் வண்டிக்குப் போய் அதே போல ஒரு சுற்று உருட்டி நூலை அறுத்தார். அந்த நூலைத் தன் வண்டியின் நூலோடு சேர்த்துப் பிடித்தபோது ஒரு முழுச் சாண் குறைந்தது.

"ரெண்டு நாப்பத்து நாலு" என்றான் இசக்கித்துரை.

"தேஞ்சு தேஞ்சு சின்னதாப் போச்சு. அதான் ரோட்டுல இல்லாத அஞ்சு கிலோமீட்டரை உனக்குக் குடுக்கு. கையை வச்சுப் பாருல, வழுவழுன்னு இருக்கு. இந்த மொட்டை டயருக்குத்தான் நீல மை. இதுக்குத்தான் ஹாட்பாக்ஸ். மழை பேஞ்ச ரோட்டுல இதை வச்சுக்கிட்டு நியூட்ரல்ல வேற உருட்டுதே. உள்ள உக்காந்திருக்கிறவன் உயிரை எந்த லிட்டர்லல அளப்ப?"

பிரவின்ராஜின் சிரிப்பு நின்றது. அவனுக்குத் தெரியாத விஷயமில்லை அது. போன வாரம் புளியங்குடிப் பக்கம் தூறலில் பிரேக் பிடித்தபோது வண்டி ஒரு ஆள் நீளம் சறுக்கியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. டயர் கேட்டால் முதலிடம் போய்விடும் என்று பயந்தானோ, மேனேஜரிடம் கேட்கவே பயந்தானோ. சாவியை எடுத்து மேசையில் வைத்தான்.

"மேனேஜரே, டயரு மாத்தினா எடுக்கேன். இல்லைன்னா வண்டி இங்கனயே நிக்கட்டும்."

"எல்லாரும் சேர்ந்து ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சுடலைராஜ் சத்தம் போட்டார். பிறகு ரிபாயியின் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவி நாலாகக் கிழித்தார். "சரி பாய், விடும். நடந்தது நடந்துபோச்சு. ஆறேகால் நடைக்கு நேரமாச்சு, வண்டியை எடும்."

ரிபாயி நகரவில்லை.

"டயரு வாங்குன பில்லு எங்க?"

"எதுக்கு?"

"எடும்."

மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எட்டேகால் சைஸ், நான்கு எண்ணம் என்று எழுதி, சரிபார்த்தேன் என்று சுடலைராஜே கையெழுத்துப் போட்ட பில். அந்தக் கையெழுத்தைப் போட அவர் ஒரு நிமிடம்கூடத் தயங்கியிருக்கமாட்டார்.

"நாப்பத்தொரு நாளு என் பேருக்கு நேரா செவப்பு மையில எழுதுனீரு. போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புனீரு. இப்ப தாளைக் கிழிச்சா ஆச்சா? தாளை நான் மட்டுந்தான் பாத்தேன். பலகைய எல்லாரும் பாத்தாவ. அதுலயே எழுதும்."

"நாளைக்கு எழுதுதேன்வே."

"இப்ப எழுதும்."

"பஸ் ஸ்டாண்டுல ஆளு காத்துக்கிட்டு இருக்கும் பாய்."

அது ரிபாயியைத் தொட்டது. பதினோரு வருடத்தில் அவர் ஆறேகால் வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடித்துப் பத்து நிமிடம்.

"லேட்டாகட்டும். அதையும் என் பேருலயே எழுதிக்கிடும்."

சுடலைராஜ் பலகையைத் துடைத்தார். நீல மையை எடுத்து, வேகமாக, கோணலாக எழுதினார்: 'வண்டி 3. நாற்பத்தொரு நாளும் கரட்டுப்பட்டி வரை முழுமையாக ஓடியது. மைலேஜ் 6.25. மீட்டர் தவறு.'

"போதுமா?"

ரிபாயி கிட்டே போய்ப் படித்தார். விரலைக் கடைசி இரண்டு சொற்களின் மேல் வைத்தார்.

"இது பொய்."

"என்னவே பொய்?"

"மீட்டரு ஒரு தப்பும் செய்யலை. எத்தனை சுத்து சுத்துச்சோ அத்தனையையும் ஒழுங்கா எண்ணிச்சு. கேபிளையும் மீட்டரையும் மாத்திப் பாத்துட்டு நல்லாருக்குன்னு நீருதானே சொன்னீரு? பேச முடியாததும் பேசாததும் கெடைச்சா அது தலையில கட்டிருவீரு. என் தலையில கட்டுனீரு, இப்ப அது தலையில கட்டுதீரு. யாரு தப்போ அவரு பேரை எழுதும்."

சுடலைராஜ் எல்லார் முகத்தையும் பார்த்தார். கம்பெனியில் நான்கு வண்டிகள். ஒன்று ஏற்கெனவே நின்றுவிட்டது. இன்னொன்றின் டிரைவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மற்ற இரண்டு டிரைவர்களும் தங்கள் சாவியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு எடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

அவர் 'மீட்டர்' என்பதை உள்ளங்கையால் அழித்தார். அந்த இடத்தில் 'மேனேஜர்' என்று எழுதினார்.

இசக்கித்துரை படமெடுத்தான். வாட்ஸப் குழுவில் போட்டான். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

வண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆறு இருபத்து மூன்றுக்குக் கிளம்பியது. எட்டு நிமிடம் தாமதம். ரிபாயி வேகம் கூட்டி அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. வழக்கம் போல நிறுத்தத்துக்கு இருநூறு அடி முன்பே காலை எடுத்தார், இறக்கத்தில் கியரிலேயே இறங்கினார். ஆனால் குருவிகுளம் தாண்டும் வரை ஆமினாளின் சோற்றுப் பை அவர் நினைவில் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

கரட்டுப்பட்டியில் செல்லச்சாமி இரண்டு கிடாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னவே பாய், இன்னைக்கு லேட்டு? திருப்பிட்டுப் போய்ட்டீரோன்னு நெனச்சேன்."

ரிபாயிக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. "நீருமா?" என்றார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். சங்கரன்கோவிலிலிருந்து இருபத்து மூன்றரை கிலோமீட்டர் என்று அது காட்டியது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, இருபத்து மூன்றரை என்று எழுதி, அதன் பக்கத்திலேயே இருபத்தைந்து என்றும் எழுதி, இரண்டுக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.